கேரளா லாரி காம்பவுண்ட் சுவரை இடித்துவிட்டது, இன்சூரன்ஸை யாரிடம் கேட்பது?

தோப்புவீடு

எல்லோருக்கும் வணக்கம். வீடு செங்கோட்டை தாண்டி புளியரை போகிற வழியில், கொல்லம் ரோட்டை ஒட்டியே இருக்கிறது. நேற்று ராத்திரி ஜல்லி ஏற்றிப் போன டாரஸ் லாரி ஒன்று, எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட ஒதுங்கி, மண்ணில் சக்கரம் இறங்கி, பின்பக்கம் அப்படியே எங்கள் சுவரில் சாய்ந்துவிட்டது. சுமார் 30 அடிக்குச் சுவர் போச்சு, கேட் தூண் ஒன்று அடியோடு பெயர்ந்துவிட்டது, இரும்பு கேட் வளைந்துவிட்டது, உள்ளே இருக்கிற தண்ணீர்த் தொட்டியின் மேல் ஸ்லாப்பில் நீளமாக ஒரு விரிசல். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுவரைக்கும் நல்லது.

வண்டி கேஎல் பதிவு. டிரைவர் நம்ம பக்கத்துப் பையன்தான், பயந்துபோய் நின்றான், ஓடவில்லை. ஓனர் புனலூர் பக்கம். போனில் மரியாதையாகத்தான் பேசுகிறார், 15,000 தருகிறேன் கேஸ் எல்லாம் வேண்டாம் என்கிறார். கொத்தனார் வந்து பார்த்துவிட்டு கேட்டோடு சேர்த்து 1,40,000 வரும் என்கிறார். லாரிக்கு இன்சூரன்ஸ் இருக்காம், ஆனால் அது ஆளுக்கு அடிபட்டால்தான் கிடைக்கும், சுவருக்கெல்லாம் தரமாட்டார்கள் என்று ஓனர் சொல்கிறார். நிஜமா? அப்புறம் வண்டி கேரளாவில் பதிவானது என்பதால் கேஸ் போட்டால் புனலூருக்கும் கொல்லத்துக்கும் அலைய வேண்டியிருக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டைவாசல்

அண்ணாச்சி, 15-ஐ 50 ஆக்கிக் கையில் வாங்கி முடித்துவிடுங்கள். இந்த ரோட்டில் இது புதுசா? 2024 பிப்ரவரியில் எஸ் வளைவில் ப்ளைவுட் லாரி உருண்டு தண்டவாளத்திலேயே விழுந்து, அந்த வயதான தம்பதி டார்ச் அடித்து ரயிலை நிறுத்தினார்களே, அந்த ஊர்தானே இது. இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் சுவருக்குப் பணம் தருவதற்குள் நீங்கள் பேரனுக்குக் காது குத்திவிடுவீர்கள்.

பழைய சர்வேயர்

சுவருக்குக் கிடைக்காது என்று ஓனர் சொன்னது தப்பு. தெரிந்து சொன்னாரா தெரியாமல் சொன்னாரா என்பது வேறு விஷயம், லாரி ஓனர்கள் பாதிப்பேருக்கு உண்மையிலேயே தெரியாது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 146-இன்படி மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் எந்த வண்டியும் பொது ரோட்டில் ஓடக்கூடாது. அந்தக் காப்பீடு உயிருக்கும் உடம்புக்கும் மட்டுமல்ல, மூன்றாம் நபரின் சொத்துக்கும் சேர்த்துத்தான் என்று அடுத்த பிரிவிலேயே, 147-இல், இருக்கிறது. ஆளுக்கு அடிபட்டால் தொகைக்கு உச்சவரம்பு கிடையாது, சொத்துக்கு மட்டும் உண்டு. லாரிக்கும் காருக்கும் வழக்கமாக 7,50,000 ரூபாய், டூவீலருக்கு 1,00,000. உங்கள் சுவர் அதற்குள் தாராளமாக அடங்கும்.

ஆனால் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். பிரீமியத்தில் ஒரு சின்னத் தொகையை மிச்சம் பிடிக்க, சொத்துச் சேதத்துக்கான வரம்பை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொள்ள ஓனருக்கு வழி இருக்கிறது. அப்படி எடுத்திருந்தால் கம்பெனி 6,000 தான் தரும், மீதியை ஓனர் கையிலிருந்துதான் வாங்க வேண்டும். அதனால் இன்சூரன்ஸ் இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது, பாலிசி ஷெட்யூலைப் பார்க்க வேண்டும். ‘மூன்றாம் நபர் சொத்துச் சேதம்’ என்ற வரிக்கு நேரே என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டால் இன்சூரன்ஸ் எதுவரை செல்லும் என்பது தெரியும், ஷெட்யூல் தெரியாது. ஓனர் காட்ட மறுத்தால் பிரிவு 160 இருக்கிறது: நஷ்டஈடு கேட்கிறவர் கேட்டால், வண்டி, டிரைவர், இன்சூரன்ஸ் கம்பெனி பற்றிய விவரங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஸ்டேஷனும் ஆர்டிஓவும் கொடுத்தாக வேண்டும்.

இடிந்ததை இன்னும் அள்ளவில்லைதானே? அள்ளாதீர்கள். வண்டி நம்பரும் சுவரும் ஒரே படத்தில் வருகிற மாதிரி போட்டோ இருக்கிறதா?

தோப்புவீடு

இருக்கிறது அண்ணாச்சி, ராத்திரியே மகன் எடுத்துவிட்டான், நம்பர் பிளேட்டும் தூணும் தெளிவாக விழுந்திருக்கிறது. எதிர்க் கடையில் கேமராவும் இருக்கிறது. ஆப்பில் பார்த்தேன், இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறது. ஸ்டேஷனுக்குக் காலையில் போனேன், ஆளுக்கு அடி இல்லையே, பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். சிஎஸ்ஆர் (புகார் வாங்கியதற்கான ரசீது) மட்டும் போட்டுத் தருகிறார்களாம். அது போதுமா?

வக்கீல் குமாஸ்தா

முதலில் அந்தக் கடைக்குப் போய் வீடியோவை பென்டிரைவில் வாங்கிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழையதன் மேலேயே புதுசு பதிவாகிவிடும், பெரும்பாலான கேஸ்களில் வீடியோ இப்படித்தான் போகிறது.

சிஎஸ்ஆர் இல்லாததற்கு மேல், ஆனால் எஃப்ஐஆருக்குக் கீழ். சொத்துச் சேதம் மட்டும் என்றால் சிஎஸ்ஆரோடு நிறுத்தப் பார்ப்பது எல்லா ஊரிலும் நடக்கிறதுதான். ஆனால் பொது ரோட்டில் அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வரும்படி அஜாக்கிரதையாக வண்டி ஓட்டுவதே பாரதிய நியாய சன்ஹிதா 281-இன்படி குற்றம் (பழைய ஐபிசியில் 279), யாருக்கும் காயம் பட்டிருக்க வேண்டும் என்று அவசியம் இல்லை. அதனால் மனுவில் ‘சுவரை இடித்தார்’ என்று மட்டும் எழுதாமல் எப்படி ஓட்டி வந்தார், எவ்வளவு அருகில் ஆள் இருந்தார்கள் என்றும் எழுதுங்கள். வேண்டுமென்றே சேதப்படுத்தியதாக 324 போட வேண்டும் என்று சண்டை பிடிக்காதீர்கள், அது நிற்காது, அதற்கு எண்ணம் வேண்டும். எஃப்ஐஆர் போடவே மாட்டேன் என்றால் புகாரை எழுத்தில் எஸ்பிக்குத் தபாலில் அனுப்பலாம், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 173(4). அதற்கும் பதில் இல்லை என்றால் மாஜிஸ்திரேட்.

எஃப்ஐஆர் போட்டால்தான் மகஜர் (இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதுகிற குறிப்பு), வரைபடம், எம்விஐ (மோட்டார் வாகன ஆய்வாளர்) ரிப்போர்ட் எல்லாம் பின்னாலேயே வரும். நாளைக்கு இன்சூரன்ஸ் வக்கீல் ‘இந்த வண்டியே அந்த இடத்துக்கு வரவில்லை’ என்று நின்றால் அந்தக் காகிதங்கள்தான் பேசும்.

எங்கே கேஸ் போடுவது என்ற கேள்விக்கு: அலைய வேண்டாம். பிரிவு 166-இன்படி விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கிற இடம், எதிராளி இருக்கிற இடம், மூன்றில் எதை வேண்டுமானாலும் நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். உங்களுக்கு முதல் இரண்டும் ஒன்றேதான். நம்ம மாவட்டத்து மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் போடுங்கள், டிரைவர், ஓனர், இன்சூரன்ஸ் கம்பெனி மூவரையும் எதிர்மனுதாரர் ஆக்குங்கள். நோட்டீஸ் புனலூருக்குப் போகும், நீங்கள் போக வேண்டியதில்லை.

காலக்கெடு முக்கியம். 2022 ஏப்ரல் 1-க்குப் பிறகு நடந்த விபத்து என்றால் ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். அவர் தருவார், இவர் தருவார் என்று காத்திருந்து இதைக் கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம்.

கோட்டைவாசல்

தீர்ப்பாயம் என்றால் ஆக்சிடென்டில் இறந்தவர்கள், கால் போனவர்கள் வருகிற இடம். சுவருக்காக அங்கே போய் நின்றால் சிரிக்கமாட்டார்களா?

வக்கீல் குமாஸ்தா

சிரிக்க ஒன்றும் இல்லை. பிரிவு 165-லேயே சொத்துச் சேதமும் தீர்ப்பாயத்தின் வேலை என்று இருக்கிறது. தீர்ப்பாயம் இருக்கிற பகுதியில் இந்த மாதிரி கேஸைச் சிவில் கோர்ட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது, பிரிவு 175 அதைத் தடுக்கிறது.

நேராக கம்பெனிக்கு லெட்டர் போட்டுக் கேட்கலாம், சட்டமும் சமரசத்துக்கு வழி வைத்திருக்கிறது. ஆனால் நடைமுறையில் பெரும்பாலும் தீர்ப்பாயத்தில் மனு நம்பர் ஆன பிறகு லோக் அதாலத்தில்தான் பேசி முடிகிறது. இந்த மாதிரி ஆள்சேதம் இல்லாத, வீடியோ இருக்கிற கேஸ் லோக் அதாலத்துக்கு லட்டு மாதிரி.

ஆரியங்காவுக்காரன்

நானும் இந்த ரூட்டில் ரெண்டு டிப்பர் ஓட்டுகிறவன்தான், அதனால் எதிர்ப்பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். ஓனர் கேஸ் வேண்டாம் என்பதற்குக் காரணம் இன்சூரன்ஸ் போனஸ் போய்விடும் என்பதில்லை. நோ கிளெய்ம் போனஸ் சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில்தான் வருகிறது, மூன்றாம் நபருக்குக் கம்பெனி கொடுத்தால் அது குறையாது. நிறைய ஓனர்கள் அது போய்விடும் என்று நினைத்துக்கொண்டு கைக்காசைக் கொடுக்கிறார்கள், அது அவர்கள் பாடு.

நிஜமான பயம் வண்டி ஸ்டேஷனில் நிற்பது. எம்விஐ பார்க்க வேண்டும், கோர்ட்டில் மனு போட்டு எடுக்க வேண்டும், அதுவரை டியூ யார் கட்டுவது? கூடவே லோடு எவ்வளவு, பாஸ் இருந்ததா, டிரைவர் லைசென்ஸ் ஹெவியா என்று எல்லாம் கிளறுவார்கள். ஜல்லி வண்டி என்றாலே இப்போது நம்மை யாரும் நல்ல கண்ணோடு பார்ப்பதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதனால் புனலூர்க்காரரிடம் நீங்கள் ஒன்று சொல்லுங்கள்: ‘சேட்டா, உங்கள் கைக்காசு எனக்கு வேண்டாம், நீங்கள் பிரீமியம் கட்டிய கம்பெனி தரட்டும். நீங்கள் செய்ய வேண்டியது கம்பெனிக்கு விபத்தைத் தெரிவிப்பதும், பாலிசி நகலை எனக்குத் தருவதும்தான்.’ மலையாளத்தில் பேச ஆள் வேண்டும் என்றால் நான் பேசுகிறேன். விபத்தைக் கம்பெனிக்குத் தெரிவிப்பது டிரைவரின் கடமை என்று சட்டத்திலேயே (134) இருக்கிறது, அவர் தயவு இல்லை.

எங்கள் பக்கம் இப்படி நடந்தால் ஸ்டேஷனில் ஜிடி என்ட்ரி (ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் பதிவு) போட்டு நகல் வாங்குவோம், கேரள போலீஸின் துணா போர்ட்டலிலும் கேட்டு வாங்கலாம். உங்கள் பக்கம் நடந்ததால் உங்கள் ஸ்டேஷன்தான். சட்டம் ரெண்டு பக்கமும் ஒன்றுதான், மத்திய சட்டம்.

கோட்டைவாசல்

1949 வரைக்கும் செங்கோட்டையே திருவிதாங்கூர் சமஸ்தானம்தானே, அப்போது நடந்திருந்தால் ஒரே மகாராஜாவிடம் போய் நின்றிருக்கலாம் 😄

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இன்சூரன்ஸே இல்லாத வண்டி என்றால் என்ன ஆகும்? நம்ம ரோட்டில் எல்லா வண்டிக்கும் பேப்பர் சரியாக இருக்கும் என்று நான் நம்பவில்லை.

வக்கீல் குமாஸ்தா

அப்போது ஓனர்தான் முழுசாகத் தர வேண்டும். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதற்குத் தனியாக 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, மறுபடி பிடிபட்டால் 4,000. அது அரசாங்கத்துக்குப் போகும், உங்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. உங்களுக்கு உதவுவது இன்னொன்று: இன்சூரன்ஸ் இல்லாத வண்டி விபத்தில் சொத்தைச் சேதப்படுத்தினாலும் போதுமான ஈடு கட்டாமல் அந்த வண்டியை விடக்கூடாது என்று விதி கொண்டுவர 2018-இல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. அதனால் அப்படிப்பட்ட வண்டி ஸ்டேஷனில் இருக்கும்போதே வக்கீலை வைத்து மனு போட வேண்டும், வெளியே போய்விட்டால் பிடிப்பது கஷ்டம்.

இடித்துவிட்டு ஓடிய வண்டி, நம்பர் தெரியவில்லை என்றால் சுவருக்கு ஒன்றும் கிடையாது. அதற்கான அரசுத் திட்டம் உயிரிழப்புக்கு 2,00,000, பலத்த காயத்துக்கு 50,000 என்பதோடு சரி.

அரசு பஸ் இடித்தாலும் வழி வேறு. நம்ம போக்குவரத்துக் கழகங்கள் பெரும்பாலும் இன்சூரன்ஸ் எடுப்பதில்லை, கழகமே தர வேண்டும். நஷ்டஈடு தராததால் பஸ் ஜப்தி என்று பேப்பரில் வருகிறதே, அது இதனால்தான்.

பிரியா தென்காசி

எல்லோரும் லாரியின் இன்சூரன்ஸைப் பற்றியே பேசுகிறீர்கள், அண்ணனின் வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று யாருமே கேட்கவில்லையே? வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறதா அண்ணா? கடன் கொடுக்கும்போது பாங்கில் ஒரு வீட்டு இன்சூரன்ஸ் கட்டாயம் போல எடுக்க வைத்திருப்பார்கள், பாதிப்பேர் அந்தப் பேப்பரைப் பிரித்தே பார்த்திருக்கமாட்டார்கள். நான் பாங்கில் இருக்கிறேன், தினமும் பார்க்கிறேன்.

2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான வீட்டு பாலிசியைத் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ கொண்டுவந்தது. தீ, புயல், வெள்ளம் மட்டுமல்ல, வெளியிலிருந்து வாகனம், மரம் மாதிரி எதுவும் வந்து மோதினாலும் அதில் கவர் உண்டு. வீடு என்பதற்கான விளக்கத்திலேயே காம்பவுண்ட் சுவர், வேலி, கேட், தண்ணீர்த் தொட்டி எல்லாம் வருகிறது. என்ஜினியர் கட்டணத்துக்கு கிளெய்ம் தொகையில் 5 சதவீதம் வரை, இடிபாடு அள்ள 2 சதவீதம் வரை தனியாக உண்டு.

இருந்தால் முதலில் அதில் கேளுங்கள். அது உங்கள் பாலிசி, நீங்கள்தான் வாடிக்கையாளர். இழுத்தடித்தால் பீமா பரோசா போர்ட்டலில் புகார் செய்யலாம், அதற்குப் பிறகு சென்னையில் இருக்கிற இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) வக்கீல் இல்லாமலே போகலாம். லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி மீது இந்த இரண்டாவது வழி கிடையாது, ஏனென்றால் நீங்கள் அவர்களுடைய பாலிசிதாரர் இல்லை.

தோப்புவீடு

பிரியா தங்கச்சி, பீரோவில் தேடினேன், இருக்கிறது! கடன் வாங்கும்போது எடுத்தது, நீங்கள் சொன்ன அதே பெயர், நடப்பில் இருக்கிறது. நாங்கள் அதைக் கடனுக்கான இன்சூரன்ஸ் என்று நினைத்து ஃபைலோடு வைத்திருந்தோம்.

அப்போ ரெண்டு பக்கமும் கேட்கலாமா? இதற்குள் ஓனர் இன்னொரு தடவை போன் செய்து 40,000 தருகிறேன், ஸ்டேஷனில் ராஜி எழுதிக் கொடுங்கள் என்கிறார்.

பழைய சர்வேயர்

அந்த ராஜிப் பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள். இந்த இழையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். உங்கள் வீட்டு இன்சூரன்ஸ் கம்பெனி உங்களுக்குப் பணம் கொடுத்த பிறகு, சேதத்துக்குக் காரணமானவரிடம் கேட்கிற உங்கள் உரிமை அவர்கள் கைக்கு வந்துவிடும். லாரி ஓனரிடமும் லாரிக் கம்பெனியிடமும் அவர்கள் வசூலித்துக்கொள்வார்கள். நீங்கள் 40,000 வாங்கிக்கொண்டு ‘இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த உரிமையை நீங்களே அழித்ததாக ஆகிவிடும். உங்கள் கம்பெனி அதைக் காட்டியே உங்கள் கிளெய்மை மறுக்கலாம். ஸ்டேஷனில் எழுதுகிற ராஜி எப்போதும் அந்த ஒரே வாசகத்தில்தான் முடியும், ரைட்டருக்கு மனப்பாடம்.

ரெண்டு பக்கமும் முழுத் தொகை வாங்க முடியாது, ஒரு சேதத்துக்கு ஒரு நஷ்டஈடுதான். ஆனால் உங்கள் பாலிசியில் வராத பகுதியை லாரிப் பக்கம் கேட்கலாம்.

இன்றைக்கே உங்கள் கம்பெனிக்குப் போன் செய்து கிளெய்ம் நம்பர் வாங்கிவிடுங்கள். கொத்தனார் துண்டுச்சீட்டு செல்லாது, ஒரு சிவில் என்ஜினியரிடம் எஸ்டிமேட் வாங்குங்கள்: எத்தனை அடி, என்ன கனம், எத்தனை தூண், கேட் எத்தனை கிலோ என்று தனித்தனியாக. சர்வேயர் பார்க்கும்வரை கல்லை ஓரமாக ஒதுக்கலாம், விற்கவோ கொட்டவோ வேண்டாம். திருட்டுப் பயத்துக்குத் தகரம் அடைத்தால் அந்த பில்லையும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பான கேள்வி. சுவர் உங்கள் பட்டாவுக்குள்தான் நிற்கிறதா?

தோப்புவீடு

ஏன் கேட்கிறீர்கள்? அப்பா காலத்துச் சுவர்.

பழைய சர்வேயர்

அதனால்தான் கேட்கிறேன். இது தேசிய நெடுஞ்சாலை 744. இந்தப் பக்கம் பழைய சுவர்கள் பல நெடுஞ்சாலைப் புறம்போக்கில் அரை அடி, ஒரு அடி நீட்டிக்கொண்டுதான் இருக்கின்றன, ஊரில் எல்லோருக்கும் தெரியும். லாரிக் கம்பெனி வக்கீல் முதலில் தேடுவது அதைத்தான். பட்டா, எஃப்எம்பி (நில அளவை வரைபடம்) நகல், வீட்டுவரி ரசீது மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, டேப் பிடித்து நீங்களே ஒரு தடவை அளந்து பாருங்கள். புதுச் சுவரை எப்படியும் உள்ளேதானே கட்டப் போகிறீர்கள்.

கோட்டைவாசல்

வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் லாரி வந்து இடிக்கலாம் என்று அர்த்தமா அண்ணாச்சி?

பழைய சர்வேயர்

இல்லை. அஜாக்கிரதை அஜாக்கிரதைதான். ஆனால் தன்னுடையது அல்லாத நிலத்தில் நின்ற சுவருக்கு எவ்வளவு மதிப்பு என்று வாதம் கிளம்பும், தொகை குறையும், கேஸ் நீளும். முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

மேக்கரை மச்சான்

இடையில் ஒரு சந்தேகம். என் காரை என் மகனே ரிவர்ஸ் எடுத்து எங்கள் கேட்டில் இடித்துவிட்டான். கார் இன்சூரன்ஸில் அந்த 7,50,000-இல் கேட்கலாமா?

பழைய சர்வேயர்

முடியாது தம்பி. அது மூன்றாம் நபர் சொத்துக்கு மட்டும், உங்கள் சொந்தச் சொத்தும் உங்கள் பொறுப்பில் இருக்கிற சொத்தும் அதில் வராது. காருக்கான சேதம் காம்ப்ரிஹென்சிவ் இருந்தால் சொந்தச் சேதத்தில் கிடைக்கும், அங்கே போனஸ் குறையும், சின்ன அடி என்றால் கேட்காமல் இருப்பதே லாபம். கேட்டுக்கு உங்கள் வீட்டு பாலிசி என்ன சொல்கிறது என்று படித்துப் பாருங்கள்.

புளியரை டீக்கடை

எங்கள் கடை ஷெட்டைப் போன வருஷம் ஒரு வேன் இடித்தது, கடை கொஞ்ச நாள் மூடியே கிடந்தது. அந்த வியாபார நஷ்டமும் வருமா? கரண்ட் கம்பமும் சாய்ந்தது, அதற்கு நாங்களா கட்ட வேண்டும்?

வக்கீல் குமாஸ்தா

கம்பத்துக்கு நீங்கள் ஏன் கட்ட வேண்டும்? மின்வாரியம் தனியாக எஸ்டிமேட் போட்டு வண்டி ஓனரிடம் வாங்கிக்கொள்ளும், அது அவர்கள் சொத்து. வியாபார நஷ்டத்தை இடித்தவர் மீது போடுகிற மனுவில் கேட்கலாம், ஆனால் தினம் இவ்வளவு வந்தது என்று காட்டக் கணக்கு வேண்டும், டீக்கடையில் அது சிரமம் என்று எனக்கும் தெரியும். வாடகை, பால் பாக்கி, ஜிபே வரவு, இவற்றையெல்லாம் சேர்த்து வையுங்கள். ஆனால் போன வருஷம் என்கிறீர்கள், ஆறு மாதம் தாண்டிவிட்டதா என்று பாருங்கள், தாண்டியிருந்தால் என்ன வழி என்று உடனே ஒரு வக்கீலைக் கேளுங்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஆலோசனை இலவசம்.

தோப்புவீடு

புது விவரம். ஆரியங்காவு அண்ணன் புனலூர்க்காரரிடம் பேசிய பிறகு அவர் பாலிசி நகலை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார், சொத்துச் சேத வரம்பு 7,50,000 என்றே இருக்கிறது. எஃப்ஐஆரும் ஆகிவிட்டது, எஸ்பிக்கு அனுப்பத் தபாலைத் தயார் செய்து அந்த நகலோடு ஸ்டேஷனுக்குப் போனேன், தபால் தேவைப்படவில்லை. அளந்தும் பார்த்தோம், சுவர் பட்டாவுக்குள்தான் இருக்கிறது, தூணின் வெளிப்பூச்சு மட்டும் எல்லையைத் தொடுகிறது.

எங்கள் கம்பெனி சர்வேயர் வந்தார். சுவரும் கேட்டும் பிரச்சினை இல்லை. தொட்டி ஸ்லாப் விரிசல் பழசு என்றார். நல்லவேளை, பொங்கலுக்குத் தொட்டி மேல் பானை வைத்து எடுத்த படம் மகளின் போனில் இருந்தது, அதில் ஸ்லாப் முழுசாக இருக்கிறது. அதை அனுப்பினோம், சேர்த்துக்கொண்டார். கடைசியில் 1,21,000 மதிப்பிட்டிருக்கிறார்கள். என்ஜினியர் எஸ்டிமேட் 1,36,000. 15,000 குறைகிறது. கேட்டை நிமிர்த்தினால் போதும், புதுசு தேவையில்லை என்பதில்தான் அந்த வித்தியாசம்.

இப்போது புனலூர்க்காரர் முதலில் சொன்ன அந்த 15,000-ஐத் தர இன்னமும் தயாராக இருக்கிறார். வாங்கலாமா, அல்லது இதுவும் வில்லங்கமா?

பிரியா தென்காசி

கேட் பற்றி முதலில் சர்வேயரிடம் எழுத்தில் ஆட்சேபம் சொல்லிப் பாருங்கள் அண்ணா. வெல்டிங் பட்டறைக்காரர் ‘நிமிர்த்தினால் நிற்காது’ என்று லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்தால் மாற்றுவார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

பழைய சர்வேயர்

அதைச் செய்யுங்கள். மாற்றவில்லை என்றால் வாங்கலாம், ஆனால் வரிசை முக்கியம். முதலில் உங்கள் கம்பெனிக்கு ஒரு மெயில்: நீங்கள் ஏற்காத 15,000-ஐ மட்டும் வாகன உரிமையாளரிடமிருந்து பெறப்போகிறேன், உங்கள் வசூல் உரிமையை இது பாதிக்காது என்று. பதில் வரட்டும். பிறகு ரசீது. அதில் இப்படி எழுதுங்கள்:

‘இன்ன தேதி விபத்தில் என் காப்பீட்டு நிறுவனம் ஏற்காத கேட் செலவுக்காக மட்டும் ரூ. 15,000 பெற்றுக்கொண்டேன். மீதிச் சேதம் குறித்த என் உரிமையும் என் காப்பீட்டு நிறுவனத்தின் உரிமையும் அப்படியே நீடிக்கும்.’

ரொக்கமாக வேண்டாம், பாங்க் வழியாக வாங்குங்கள். முழுத் தீர்வு, முழுத் திருப்தி, இனி உரிமை இல்லை என்ற வார்த்தைகள் எதுவும் உள்ளே வரக்கூடாது.

ஆரியங்காவுக்காரன்

மலையாளத்திலும் ஒரு நகல் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள், நான் எழுதித் தருகிறேன். அவருக்கும் ஒன்று சொல்லிவிடுங்கள்: உங்கள் கம்பெனியிடமிருந்து நாளைக்கு அவருக்கு வசூல் நோட்டீஸ் வரும், அப்போது அண்ணாச்சி ஏமாற்றிவிட்டார் என்று நினைக்கக்கூடாது, அந்த நோட்டீஸை அப்படியே தன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பினால் போதும்.

தோப்புவீடு

சொல்லிவிட்டேன். மெயிலும் போட்டாச்சு. பட்டறைக்காரர் லெட்டர் நாளைக்குத் தருகிறார்.

கோட்டைவாசல்

புதுச் சுவரில் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுங்கள் அண்ணாச்சி, அந்த வளைவில் ராத்திரி வெள்ளைச் சுவரே தெரிவதில்லை. அப்புறம் அந்த வீட்டு பாலிசி எவ்வளவு பிரீமியம்? என் வீடும் ரோட்டை ஒட்டித்தான் இருக்கிறது.